ஊசியின் மேல் போட்ட பழி

மகனே ஏழுமலை,

இத்தனை வருஷமாக உனக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் மழை, பயிர், அம்மாவின் முட்டிவலி என்று தொடங்கி அதிலேயே முடித்திருக்கிறேன். நீயும் பம்பாய் மழை, ஒர்க்‌ஷாப் வேலை, கஸ்தூரியின் உடம்பு என்று பதில் எழுதினாய். நடுவில் இருக்கவேண்டிய ஒன்றை நாம் இருவருமே எழுதியதில்லை. போன மாதம் மருமகள் கஸ்தூரியிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு கடிதம் வந்தது. அதற்காக நீ அவளைக் கோபிக்கக்கூடாது. உங்கள் தெருவில் இரண்டு வீட்டில் பெரியம்மை கண்டிருக்கிறதாம். அம்மை குத்துகிறவர் வீடு வீடாக வந்தபோது நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாயாம். "என் தங்கச்சிய ஊசிதான் கொன்னுச்சு. என் கொயந்தைய எவனும் தொடக்கூடாது" என்று உள்ளேயிருந்து கத்தினாயாம். கடைசியில் அவள் இப்படி எழுதியிருக்கிறாள்: "மாமா, நான் சொன்னா அவங்க கேக்கமாட்டாங்க. அன்னிக்கி இன்னா நடந்துச்சுன்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்க எழுதுங்க."

அந்தக் கடிதத்தை நாலு நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். சொர்ணவாரி நெல் அறுப்பு நடக்கிறது, களத்தில் ஆள் நிற்கிறார்கள், அப்புறம் எழுதலாம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அன்று நடந்தது என்ன என்று முழுதும் தெரிந்தவன் இந்த வீட்டில் நான் ஒருவன்தான். உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. உனக்குத் தெரிந்தது நீ கண்ணால் பார்த்தது மட்டும். நீ பார்த்ததில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நீ பார்த்தது கடைசி மூன்று நாள்தான். அதற்கு முன்னால் இரண்டரை மாதம் இருந்தது. அந்த இரண்டரை மாதத்தைத்தான் இப்போது எழுதப்போகிறேன். என் கை முன்போல இல்லை, எழுத்து கோணினால் பொறுத்துக்கொண்டு படி.

பட்டணத்தில் டிராம் வண்டிகளை நிறுத்தியதற்கு முந்தின வருஷம் அது. நீ பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் வேலை பழகிக்கொண்டு உன் மாமா வீட்டில் தங்கியிருந்தாய். உன் தங்கை பூங்காவனத்துக்குப் பதினேழு முடிந்திருந்தது. சோழவரத்தில் நல்ல இடமாகப் பார்த்து வெற்றிலை பாக்கு மாற்றி, தை மாதத்தில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தோம். புரட்டாசியில் ஒரு நாள் நாற்றங்காலிலிருந்து வந்தவள் முட்டிக்குக் கீழே வலிக்கிறது என்றாள். வரப்பில் வழுக்கியிருப்பாள் என்று நினைத்தோம். அம்மா எண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். எலும்பு கட்டுகிறவர் ஒருவர் வந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கட்டை அவிழ்த்தபோது வீக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்திருந்தது. தொட்டால் சுட்டது. ஐப்பசி தொடக்கத்தில் நானும் அம்மாவும் அவளைக் கும்மிடிப்பூண்டியில் கூடூர் பாசஞ்சரில் ஏற்றிப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரயில் ஏறும்போதுகூட அவள் வாய் ஓயவில்லை. டிக்கெட் பரிசோதகர் மாதிரி குரலை மாற்றி, "யாரம்மா அது, மூணாம் வகுப்பில ரெண்டு கால வெச்சிக்கினு ஒரு டிக்கெட்?" என்று கேட்டு அம்மாவைச் சிரிக்க வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் வீக்கத்தில் ஒரு துண்டு எடுத்துப் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் டாக்டர் என்னை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அந்த டாக்டரை உனக்குத் தெரியும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு பேசுவாரே, அவர்தான். கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். "பெரியவரே, இது எலும்புல வர்ற புற்று. கட்டி, வீக்கம்னு நெனைச்சுக்காதீங்க. முட்டிக்கு மேல காலை எடுத்துடணும். சீக்கிரம் எடுக்கணும். எடுத்தாலும் முழு உத்தரவாதம் கிடையாது. எடுக்கலேன்னா உத்தரவாதமா போயிடும்" என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட எனக்கு மறக்கவில்லை. அப்புறம் இன்னொன்றும் சொன்னார். ஆபரேஷன் முடிந்த பிறகு, ரத்தத்தில் எங்காவது ஒளிந்திருக்கும் புற்றைத் துரத்துவதற்கு ஒரு ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று நினைப்பதாகச் சொன்னார். அம்மை குத்துவது போன்ற ஒரு வகை மருந்து அது. ஏதோ ஒரு நோய்க்கிருமியைச் சூடு காட்டிச் சாகடித்து, அந்தச் செத்த கிருமியை உடம்புக்குள் விடுவார்களாம். உடம்பு எதிரி வந்துவிட்டான் என்று நினைத்துக் காய்ச்சலோடு விழித்துக்கொள்ளுமாம். விழித்துக்கொண்ட உடம்பு, அதுவரை சும்மா விட்டு வைத்திருந்த புற்றையும் சேர்த்துத் தாக்கினாலும் தாக்கலாமாம். வெளிநாட்டில் சிலர் வெகுகாலமாகச் சொல்லிவருகிற யோசனை என்றார். "ஆனா இது பரீட்சைதான். இதுவரைக்கும் நான் சிலபேருக்குத்தான் போட்டிருக்கேன். பலன் இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லேன்னும் சொல்ல முடியாது" என்றார்.

மகனே, அவர் ஐந்தாறு வாக்கியம் பேசினார். என் காதில் ஒன்றே ஒன்றுதான் விழுந்தது. ஊசி ஒன்று இருக்கிறது என்பதுதான் அது. காலை எடுக்கவேண்டும் என்று அவர் சொன்னபோது என் கண்முன்னே வந்து நின்றவள் பூங்காவனம் இல்லை. சோழவரத்துச் சம்பந்தி வந்து நின்றார். ஒற்றைக் காலோடு ஒரு பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு, ஊரார் வருகிறபோதும் போகிறபோதும் தலையைக் குனிந்து நிற்கிற நான் வந்து நின்றேன். முதலில் எனக்குத் தோன்றியது இதுதான். அப்பன் என்கிறவனுக்கு முதலில் தோன்றவேண்டியது எது என்பது உனக்கே தெரியும், நீயும் இப்போது ஒரு பெண்ணுக்கு அப்பன். "கால எடுக்காமயே அந்த ஊசிய போட முடியாதுங்களா டாக்டரய்யா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். "போடலாம். ஆனா நான் அதைச் சிபாரிசு பண்ணமாட்டேன்" என்றார். நான் விடவில்லை. எழுந்து கையைக் கூப்பியபடியே நின்றேன். கல்யாணம் நிச்சயமான பெண் என்றேன். மூன்று வாரம் கொடுங்கள், அதற்குள் குறையவில்லை என்றால் நானே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். கடைசியில், "மூணே வாரம். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது" என்று ஒத்துக்கொண்டார்.

வெளியே வந்தேன். வராந்தாவில் உன் அம்மா எழுந்து வந்து, "இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள். "ஒண்ணும் பயமில்ல. புது ஊசி ஒண்ணு கீதாம். அதுலயே சரியா பூடும்னாரு" என்றேன். பூங்காவனத்திடமும் அதையே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வந்த உன்னிடமும் அதையேதான் சொன்னேன். நீ என் பேச்சை நம்பினாய். நம்பாமல் இருக்க உனக்கு என்ன காரணம் இருந்தது?

ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊசி போட்டார்கள். போட்ட இரண்டு மணி நேரத்தில் நடுக்கம் வரும். கட்டில் கால் தரையில் தடதடவென்று அடித்துக்கொள்ளும். அம்மா இரண்டு கம்பளியைப் போர்த்தி அதன்மேல் தானும் சாய்ந்து பிடித்துக்கொள்வாள். அப்புறம் காய்ச்சல் ஏறும். பொழுது சாய்வதற்குள் வியர்த்துக் கொட்டி இறங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊசி கிடையாது, அதனால் நீ அதைப் பார்த்ததில்லை. மறுநாள் காலை டாக்டர் வந்து நாடாவால் வீக்கத்தை அளந்து அட்டையில் குறித்துக்கொள்வார். அவர் போனதும் இவள் அவர் மாதிரியே நெற்றியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, "பூங்காவனம், ஷிவரிங் வந்துச்சா? குட், குட்" என்பாள். "நான் நடுங்குனா இவருக்கு குட்டாம் நைனா!" வார்டே சிரிக்கும். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஆர்.கே.பேட்டை அம்மாள் வலியை மறந்து சிரித்து, "இந்தப் பொண்ணு இருந்தா மருந்தே வாணாம்" என்பாள்.

இரண்டாம் வாரம் முடிவில் வீக்கம் ஒரு விரற்கடை குறைந்திருந்தது. நான் பார்த்தேன், அம்மா பார்த்தாள், டாக்டரும் பார்த்தார். இரண்டு தடவை அளந்தார். வேறொரு டாக்டரைக் கூப்பிட்டு அவரையும் அளக்கச் சொன்னார். அவர் முகத்தில் ஒரு குழந்தையின் சந்தோஷம் வந்து போனது. மூன்றாம் வாரமும் இன்னும் கொஞ்சம் குறைந்தது. வலி குறைந்து அவள் சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். அன்றைக்கு டாக்டர் என்னை மறுபடியும் அறைக்குக் கூப்பிட்டார். "பெரியவரே, இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. வர்ற வாரம் காலை எடுத்துடலாம்" என்றார். எனக்கு அவர் பேச்சு பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. "கொறைஞ்சுக்கினு வரப்போ எதுக்குங்க எடுக்கணும்?" என்று கேட்டேன். "வெளியில குறையுது. உள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது" என்றார். நான் ஊருக்குப் போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்றேன். அழைத்துப் போகக்கூடாது என்று தடுத்தார். என் பொறுப்பில் அழைத்துப் போகிறேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அம்மாவிடம், "டாக்டரே ஊட்டுக்குப் போவ சொல்லிட்டாரு" என்றேன். அவள் ஊர் எல்லையில் இருக்கிற மாரியாத்தாளுக்குப் பொங்கல் வைத்தாள்.

ஊரில் நான் தலை நிமிர்ந்து நடந்த நாட்கள் அவை. பட்டணத்துப் புது ஊசியின் பெருமையை டீக்கடையிலும் ஏரிக்கரையிலும் பேசிக்கொண்டு திரிந்தேன். பேசிய பேச்சு காற்றில் நிற்குமா? சோழவரம் வரைக்கும் போனது. பெண்ணுக்குக் காலில் ஏதோ பெரிய வியாதியாமே என்று கேள்விப்பட்டு, பெண்ணின் உடம்பு தேறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தரகர் மூலம் சொல்லியனுப்பினார்கள். பத்து நாளில் வேறு இடத்தில் பெண் பார்த்து முடித்துவிட்டார்கள் என்று தெரிந்தது. எந்தக் கல்யாணத்துக்காக அவள் காலைக் காப்பாற்றினேனோ அந்தக் கல்யாணம் கார்த்திகை பாதியிலேயே முடிந்துபோய்விட்டது. அன்றைக்கே அவளை ரயிலேற்றியிருந்தால்? நான் ஏற்றவில்லை. டாக்டரின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற வெட்கம். இவ்வளவு பெருமை பேசிவிட்டு, காலை எடுக்கக் கொண்டுபோகிறேன் என்று ஊரில் எப்படிச் சொல்வது என்ற வெட்கம். அந்த டாக்டர் இரண்டு தபால் கார்டு எழுதினார், ஏழுமலை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. 'தாமதிக்க வேண்டாம், உடனே அழைத்து வரவும்' என்று இரண்டிலும் எழுதியிருந்தார். இரண்டையும் படித்துவிட்டுப் பஞ்சாங்கத்துக்குள் செருகி வைத்தேன்.

மார்கழி தொடக்கத்தில் அவளுக்கு இருமல் வந்தது. பனி என்றோம். அப்புறம் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்கியது. கால் மறுபடி வீங்கிவிட்டது. பட்டணத்துக்குக் கொண்டுபோனோம். டாக்டர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். நெஞ்சுக்கூட்டுக்குள் பஞ்சு உருண்டைகள் மாதிரி வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. "நுரையீரலுக்குப் போயிடுச்சு. இனிமே காலை எடுத்தும் பிரயோஜனமில்ல" என்றார். ஊசியாவது போடுங்கள் என்றேன். அது இனிமேல் எதுவும் செய்யாது என்றார். நான் அவர் காலில் விழுந்தேன். ஊசியிலேயே சரியாகிவிடும் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேனே, அந்தப் பொய் உண்மையாகிவிடாதா என்று விழுந்தேன். என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு, கொஞ்சமாகப் போட்டுப் பார்க்கிறேன் என்றார்.

ஒரு நாள் காலை, படிக்கிற பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வேறொரு டாக்டர் வந்து அவள் கட்டிலைச் சுற்றி நின்று இங்கிலீஷில் பேசிவிட்டுப் போனார். அவர்கள் போனதும் அவள் நர்ஸைக் கூப்பிட்டு என்ன பேசினார்கள் என்று விடாமல் கேட்டிருக்கிறாள். அம்மா துணி அலசப் போயிருந்த நேரம். நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"நைனா, கால எடுக்கணும்னு டாக்டரு சொன்னாராமே?"

நான் கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

"எப்போ சொன்னாரு?"

"மொத தபா வந்தப்பவே" என்றேன். அந்த நேரத்தில் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூச்சு இழுத்து இழுத்துத்தான் அவளால் பேச முடிந்தது. "எங்கிட்ட சொல்லிருக்கலாமே நைனா? நான் சரின்னு சொல்லிருப்பேன். கட்டை வெச்சிக்கினாவது நடந்துகினு கெடந்திருப்பேனே" என்றாள். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு இன்று இவ்வளவு பாரம் இருக்காது. நான் அழுதேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அயுவாத. அம்மா வந்துடப் போவுது. அண்ணனாண்ட இத சொல்லிக்கினு இருக்காத. அது கோவக்காரன். உன்ன எதுனா பேசிடும்" என்றாள்.

ஆறு வருஷமாக இந்த வார்த்தைக்குப் பின்னால்தான் நான் ஒளிந்துகொண்டிருக்கிறேன். செத்துப்போன பெண் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள், அதனால்தான் மகனிடம் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அது உண்மையில்லை. அவள் சொல்லியிராவிட்டாலும் நான் சொல்லியிருக்கமாட்டேன்.

மிச்சம் நீ அறிந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். இந்தத் தடவை நாள் பார்க்காமல் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். நீ வந்து நின்றபோது அவள் கட்டில் ஆட நடுங்கிக்கொண்டிருந்தாள். நீ முதன்முதலாக அதைப் பார்த்தாய். என்ன மருந்து என்று நர்ஸைக் கேட்டாய், பரீட்சை மருந்து என்று அவள் சொல்லிவிட்டாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம், பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது, பூங்காவனம் போய்விட்டாள். வராந்தாவில் நீ டாக்டரின் சட்டையைப் பிடித்தாய். "எலிக்குப் போட்டுப் பாக்கறத என் தங்கச்சிக்குப் போட்டுப் பாத்தியா? ஏழைங்கன்னா உனுக்கு எலியா?" என்று கத்தினாய். ஆட்கள் கூடிவிட்டார்கள். அவர் உன் கையைத் தட்டிவிடவில்லை. உன் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை நான் சொல்வேன் என்று காத்திருந்தார். காத்திருந்தார் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் தரையைப் பார்த்தேன். அவர் உன்னிடம், "மன்னிச்சுக்கோ தம்பி" என்று மட்டும் சொன்னார். நீ அந்த மாதமே பெரம்பூர் வேலையை விட்டுவிட்டுப் பம்பாய்க்குப் போனாய். இந்த ஊரும் ஆஸ்பத்திரியும் ஊசியும் உனக்கு ஒன்றாகிவிட்டன. நான் உன்னை ரயிலேற்றிவிட்டு வந்தேன், அப்போதும் சொல்லவில்லை.

நான் செய்த தப்புகளில் எது பெரியது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். டாக்டர் சொன்னதைக் கேட்காதது ஒன்று. அதை அறியாமை என்று சொல்லி யாராவது மன்னிக்கலாம். கார்டுகளை ஒளித்தது ஒன்று. அதை வெட்கம் என்று சொல்லலாம். ஆனால் அந்த வராந்தாவில் நான் வாய் மூடி நின்றதற்கு ஒரு பெயரும் கிடையாது. வேறொருவன் மேல் விழுந்த பழியை, நல்லவேளை என் மேல் விழவில்லை என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பெண்ணின் உடம்பு உள்ளே கிடக்கிறது, எனக்கு அந்த நினைப்பு வந்தது. நீ உன் வாழ்க்கையில் எத்தனையோ தப்பு செய்வாய். செய்யாத மனுஷன் இல்லை. ஆனால் உன் தப்பை இன்னொருவன் சுமப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. அது ஒரு நாளில் முடிகிற காரியம் இல்லை. இப்போது பார், உன் தங்கையை நான் இழந்ததோடு போகவில்லை. அந்தப் பொய் பம்பாய் வரைக்கும் வந்து உன் குழந்தையின் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

குழந்தைக்குக் குத்துகிற அம்மைப்பால் பரீட்சை மருந்து இல்லை. எனக்குக் குத்தியிருக்கிறார்கள், உனக்குக் குத்தியிருக்கிறார்கள். உன் இடது கையில் தழும்பு இருக்கிறது, சட்டையைக் கழற்றிப் பார். பூங்காவனத்துக்குப் போட்டதும் அவளைக் கொல்லவில்லை. அவளுக்கு அது உதவியதா என்பது தெரியாது. கெடுதல் செய்தது அதன் மேல் நான் வைத்த பேராசை. மருந்து தெரிந்தவன் ஆறு வாக்கியம் சொன்னால் ஆறையும் கேள். நமக்குப் பிடித்த ஒன்றை மட்டும் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வராதே. அதே மாதிரி, பயப்படுத்துகிற ஒன்றை மட்டும் பொறுக்கிக்கொண்டும் கதவைச் சாத்தாதே. கஸ்தூரி பெற்றவள், அவளுக்கும் வாய் இருக்கிறது. அவள் சொல்வதை உட்கார்ந்து கேள்.

கஸ்தூரியின் கடிதம் வந்த ஐந்தாம் நாள் நான் பட்டணத்துக்குப் போனேன். உனக்கு எழுதுவதற்கு முன் அந்த டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அவர் அந்த ஆஸ்பத்திரியில்தான் இன்னும் இருக்கிறார். தலை முழுக்க வெளுத்துவிட்டது. வெளியே மத்தியானம் வரை காத்திருந்து உள்ளே போனேன். என் பெயரைச் சொல்லும் முன்பே, "பூங்காவனத்தோட அப்பா" என்றார். அன்றைக்கு என் மகன் உங்கள் சட்டையைப் பிடித்தபோது நான் பேசியிருக்க வேண்டும் ஐயா என்றேன். எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டினார். அப்புறம் மெதுவாக, "உங்களுக்கு மூணு வாரம் கொடுத்தது நான்தானே பெரியவரே. முடியாதுன்னு சொல்லியிருக்கணும். ஊசி என்ன செய்யுதுன்னு பார்க்கிற ஆசை எனக்கும் இருந்தது. கட்டி சுருங்கினப்போ உங்களைவிட நான்தான் சந்தோஷப்பட்டேன். அது ஏன் சுருங்குச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. அதுக்கப்புறம் பலபேருக்குப் போட்டேன், ஒருத்தருக்கும் அப்படி ஆகல" என்றார்.

இப்போதும் போடுகிறீர்களா என்று கேட்டேன். ஆபரேஷனுக்குப் பதிலாக யாருக்கும் போடுவதில்லை என்றார். "இன்னொண்ணும் மாத்திட்டேன். அப்பா, புருஷன், அண்ணன், யாரையும் தனியா கூப்பிட்டுப் பேசறதில்ல. நோயாளி பக்கத்துல உட்கார்ந்து, அவங்களுக்குப் புரியற பாஷையில, அவங்ககிட்டயே சொல்றேன். சின்னப் பொண்ணா இருந்தாலும் சொல்றேன்" என்றார். நான் புறப்படும்போது வாசல் வரைக்கும் கூட வந்தார். நீ எப்படி இருக்கிறாய் என்று விசாரித்தார். உனக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்றேன். சந்தோஷம் என்றார். உனக்கு நான் எழுதப்போவதைச் சொன்னதும், "என்னைக் காப்பாத்தறதுக்காக எழுதாதீங்க. அவனுக்குத் தெரியணும்கறதுக்காக எழுதுங்க" என்றார்.

இதுவரை எழுதியதைத் தபாலில் சேர்க்கும் முன் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டவேண்டும் என்று முடிவு செய்தேன். உன்னிடம் சொல்லிவிட்டு அவளிடம் மறைத்தால் அது மறுபடியும் அதே பழைய வேலைதான். இன்று காலை அவள் நாஷ்டா வேலை முடித்து முறத்தோடு உட்கார்ந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்தேன். மாரியாத்தாளுக்குப் பொங்கல் வைத்த இடம் வந்தபோது புடைப்பதை நிறுத்திவிட்டாள். கார்டுகள் வந்த இடத்தில் முறத்தைக் கீழே வைத்தாள். பூங்காவனம் பேசிய இடத்தில் நான் படிப்பதை நிறுத்தினேன். "நிறுத்தாத, படி" என்றாள். முழுதும் படித்தேன். அவள் அழவில்லை. எழுந்து கொல்லைப் பக்கம் போனாள். எருமைக்குத் தண்ணீர் காட்டும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்து, எனக்கு எதிரில் நின்றுகொண்டே பேசினாள்.

"அடியில எம் பேர போட்டுகிறியா?"

எப்போதும் போல உன் அப்பா, அம்மா என்று முடிக்கத்தான் நினைத்திருந்தேன். அப்படித்தான் சொன்னேன்.

"போடாத. இது உன் கடுதாசி. எம் புள்ளைக்கு நான் தனியா ஒண்ணு எயுதணும். நாளைக்கு நான் சொல்றேன், நீ எயுது" என்றாள்.

அவளுக்கு எழுதத் தெரியாது. அவளுக்காக இந்த வீட்டில் எழுதுகிற கை என்னுடையதுதான். நாளைக் காலை அவள் என்னைப் பற்றி என்ன சொன்னாலும், ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதி உனக்கு அனுப்புகிறேன்.

உன் நைனா